எதை விற்பது என்று கேட்பவர்களுக்கு

இணையத்தில் கடை போட நினைக்கிறவர்கள், போட்டுவிட்டுத் தவிக்கிறவர்கள் இரு தரப்பினரும் எழுதிய கேள்விகளில் சிலவற்றை இந்த இதழுக்கு எடுத்திருக்கிறேன். புதிதாகப் படிக்கிறவர்களுக்காக ஒரு வரி: கோவை கணபதியில் மிக்ஸி, கிரைண்டர் உதிரிபாகங்கள் விற்கிறேன். தெருவில் ஒரு கடை, இணையத்தில் ஒரு கடை. மெக்கானிக்குகள் என்னை ‘அக்கா’ என்பார்கள். வாசகர்களும் அப்படியே எழுதுவது மகிழ்ச்சி.

அக்கா, கரூரில் ஒரு ஏற்றுமதி நிறுவனத்தில் கணக்குப் பிரிவில் வேலை செய்கிறேன். கையில் 2 லட்சம் ரூபாய் இருக்கிறது. போட்டி குறைவாகவும் லாபம் அதிகமாகவும் இருக்கும் பொருளாக ஒன்றை இணையத்தில் விற்க ஆசை. யூடியூபில் ஆளுக்கு ஒரு பட்டியல் சொல்கிறார்கள். மொபைல் கவர், அலங்கார விளக்கு, சமையலறைச் சாமான்... இவற்றில் எதை எடுக்கலாம்?
— எஸ்.கே., கரூர்

எதையும் எடுக்க வேண்டாம், தம்பி. அந்தப் பட்டியலை நீங்கள் பார்க்கிற அன்றே ஆயிரக்கணக்கானவர்கள் பார்க்கிறார்கள். எல்லோரும் ஒரே மொத்தச் சந்தையில் ஒரே கவரை வாங்கி, ஒரே தளத்தில், ஒரே படத்தோடு ஏற்றுகிறார்கள். அதன்பிறகு விலையைக் குறைப்பதைத் தவிர வேறு வழி இருப்பதில்லை. நீங்கள் 199 ரூபாய் என்று போட்டால் மறுநாள் ஒருவர் 189 என்று போடுவார். உங்கள் 2 லட்சம் பத்துப் பத்து ரூபாயாகக் கரைந்துவிடும்.

பொருளைத் தேடுவதைச் சற்று ஒத்திவையுங்கள். யாருக்கு எது கிடைக்காமல் இருக்கிறது என்று முதலில் பாருங்கள். என் தொழிலிலிருந்தே சொல்கிறேன். 2011-ஆம் ஆண்டு தமிழக அரசு விலையில்லா மிக்ஸி, கிரைண்டர், மின்விசிறி கொடுக்கத் தொடங்கியது. கோடிக்கும் மேற்பட்ட குடும்பங்களுக்கு அவை போய்ச் சேர்ந்தன. சில ஆண்டுகள் கழிந்ததும் மோட்டாரையும் ஜாரையும் இணைக்கும் கப்ளர் தேய்ந்தது, ஜாரின் அடியில் சுழலும் தண்டைத் தாங்கும் புஷ் ஒழுகியது, கிரைண்டர் பெல்ட் அறுந்தது. வீட்டுக்காரர் தெருமுனை மெக்கானிக்கிடம் கொண்டுபோய்க் கொடுத்தார். அந்த மெக்கானிக் எங்கே போவார்? முதுகுளத்தூரில் கடை வைத்திருப்பவர் ஒரு கப்ளருக்காக மதுரைக்குப் பஸ் ஏறினால் அன்றைய வேலை போச்சு. எனக்கான வாடிக்கையாளர் அவர்தான். வீட்டுக்காரர் கப்ளரை சில வருடங்களுக்கு ஒரு முறை வாங்குவார். மெக்கானிக் மாதாமாதம் வாங்குவார்.

இன்னொன்றையும் கவனித்தேன். பழைய மிக்ஸியின் அடியில் மாடல் எண் அழிந்து போயிருக்கும். ஆகவே மாடல் பெயரைப் போட்டுத் தேடச் சொன்னால் மெக்கானிக்கால் தேட முடியாது. தேய்ந்த பாகத்தைப் படம் பிடித்து வாட்ஸ்அப்பில் அனுப்பி, “இதேபோல் ஒன்று” என்பார். அதனால் என் இணையக் கடையில் ஒவ்வொரு பாகத்தையும் விட்டம், பல் எண்ணிக்கை, மரையின் அளவு என்று அளந்து, அளவுகோலை அருகில் வைத்துப் படம் எடுத்துப் போட்டோம். விற்பனை அதன்பிறகுதான் ஓடத் தொடங்கியது. இந்தச் சந்தையை எந்தப் பட்டியலும் எனக்குச் சொல்லவில்லை. கடை வாசலில் வந்து நின்றவர்கள் சொன்னார்கள்.

இப்போது உங்கள் ஊருக்கு வருவோம். கரூரில் உட்கார்ந்துகொண்டு மொபைல் கவர் தேடுகிறீர்கள் என்பது எனக்கு உண்மையிலேயே வருத்தமாக இருக்கிறது. மேசை விரிப்பும் திரைச்சீலையும் சமையலறைத் துண்டும் உலகத்துக்கு அனுப்பும் ஊர். கொசுவலைக்குப் பெயர் பெற்ற ஊர். கொசுவலையையே எடுத்துக்கொள்ளுங்கள். கட்டிலுக்கான வலையை எல்லோரும் விற்கிறார்கள். நான்கு மாடு கட்டியிருக்கிற தொழுவத்துக்கு, அளவு சொன்னால் தைத்து, ஓரத்தில் கயிறு கோக்க வளையம் அடித்துக் கொடுக்கிறவர் எத்தனை பேர்? கொசுவும் ஈயும் கடித்தால் மாடு இரவெல்லாம் வாலைச் சுழற்றிக்கொண்டு நிற்கும், சரியாகப் படுக்காது, பால் குறையும். மாடு வைத்திருப்பவர் இதற்குப் பணம் செலவழிக்கக் காரணம் இருக்கிறது. வலை கிழியும், மறுபடி வாங்குவார். கூரியரில் மடித்து அனுப்பலாம், உடையாது, கெடாது.

இதுதான் உங்கள் தொழில் என்று நான் முடிவு செய்து கொடுக்கவில்லை. நீங்கள் சோதிக்க வேண்டும். பக்கத்து ஊர்ப் பால் சங்கத்தில் காலையில் பால் ஊற்ற வருகிறவர்களிடம் போய் நில்லுங்கள். “இப்படி ஒரு வலை வந்தால் வாங்குவீர்களா?” என்று மட்டும் கேட்டுவிடாதீர்கள். நம் ஊரில் முகத்துக்கு நேரே யாரும் வேண்டாம் என்று சொல்ல மாட்டார்கள். “கொசுவுக்கு இப்போது என்ன செய்கிறீர்கள்? போன வருடம் இதற்கு எவ்வளவு செலவானது?” என்று கேளுங்கள். வேப்பிலைப் புகை போதும் என்று பத்துப் பேரும் சொன்னால் அங்கே சந்தை இல்லை. மூன்று பேர் பழைய சேலையையும் மீன்வலையையும் கட்டிப் பார்த்துத் தோற்றுப்போனதாகச் சொன்னால் அங்கே இருக்கிறது. அந்த மூவரிடம் அளவெடுத்து, முன்பணம் வாங்கி, தைத்துக் கொடுங்கள். இதற்கு 2 லட்சம் தேவையில்லை. மிச்சம் வங்கியிலேயே இருக்கட்டும்.

பெரிய விற்பனைத் தளங்களில் எனக்குப் பிடித்த பொருளைப் பார்த்தால் ஏற்கெனவே நூற்றுக்கணக்கானவர்கள் விற்கிறார்கள். இடைவெளி எங்கே இருக்கிறது என்று எப்படிக் கண்டுபிடிப்பது?
— வாசகி, திருப்பூர்

விமர்சனங்களைப் படியுங்கள். ஐந்து நட்சத்திரம் கொடுத்தவர் மகிழ்ச்சியாகப் போய்விட்டார். ஒரு நட்சத்திரம் கொடுத்தவருக்குப் பெரும்பாலும் பொருள் உடைந்து வந்திருக்கும், அல்லது வரவே இல்லாமல் போயிருக்கும். மூன்று நட்சத்திரக்காரர்தான் நமக்கு வேண்டியவர். “நன்றாகத்தான் இருக்கிறது, ஆனால்...” என்று எழுதுவார். அந்த ‘ஆனால்’களை ஒரு நோட்டில் எழுதுங்கள். ஒரே குறை திரும்பத் திரும்ப வந்தால், அதைச் சரிசெய்து விற்க உங்களால் முடியுமா என்று யோசியுங்கள். திருப்பூர்க்காரருக்குப் பின்னலாடையில் முடியாதது இருக்காது.

மென்பொருள் துறையில் இருக்கிறேன். என் மகள் இடது கைப் பழக்கம் உள்ளவள். அவளுக்கு ஏற்ற கத்தரிக்கோல் தேடி அலைந்தபோது இதையே தொழிலாகச் செய்யலாம் என்று தோன்றியது. கூகுள் டிரெண்ட்ஸில் பார்த்தால் சில மாதங்களில் 100 என்று காட்டுகிறது. கூகுளின் விளம்பரக் கருவியான கீவேர்டு பிளானரில் மாதத்துக்குச் சில நூறு தேடல்கள்தான். எதை நம்புவது? சில நூறு பேர் தேடும் பொருளில் தொழில் நடத்த முடியுமா?
— ஆர்.வி., சென்னை

முதலில் அந்த 100. அது நூறு பேரும் அல்ல, நூறாயிரம் பேரும் அல்ல. நீங்கள் தேர்ந்தெடுத்த காலத்தில் அந்தச் சொல் எப்போது மிக அதிகமாகத் தேடப்பட்டதோ அந்த உச்சத்துக்கு 100 என்று வைத்து, மற்ற மாதங்களை அதோடு ஒப்பிட்டுக் காட்டுகிறார்கள். சில ஆயிரம் பேர் தேடும் சொல்லுக்கும் பத்து லட்சம் பேர் தேடும் சொல்லுக்கும் உச்சம் 100தான். ஆகவே அளவைத் தெரிந்துகொள்ள டிரெண்ட்ஸ் உதவாது, பருவத்தைத் தெரிந்துகொள்ள உதவும். உங்கள் பொருளுக்குப் பள்ளி திறக்கும் ஜூன் மாதம் ஒரு பருவம். ஆகஸ்ட் 13 உலக இடதுகைப் பழக்கமுள்ளோர் நாள், அன்றைக்குச் செய்தித்தாள்களில் கட்டுரை வரும், அப்போதும் தேடுவார்கள்.

இனி அந்தச் சில நூறு. 300 என்றே வைத்துக்கொள்வோம். தேடியவர்களில் ஐந்தில் ஒருவர் உங்கள் கடையைத் திறந்தால் 60 பேர். நூற்றுக்கு இரண்டு பேர் வாங்கினால் மாதத்துக்கு ஒரு கத்தரிக்கோல் விற்கும். இதை நம்பி வேலையை விட்டுவிடாதீர்கள்.

ஆனால் இதோடு கதவைச் சாத்திவிடவும் வேண்டாம். தேடுகிறவர்களின் எண்ணிக்கையும் தேவை உள்ளவர்களின் எண்ணிக்கையும் ஒன்றல்ல. இடதுகைக் கத்தரிக்கோல் என்று ஒரு பொருள் இருப்பதே பல பெற்றோருக்குத் தெரியாது. அவர்கள் எப்படித் தேடுவார்கள்? “குழந்தை கையெழுத்து கோணலாக வருகிறது”, “பேப்பர் வெட்டத் தெரியவில்லை” என்றுதான் தேடுவார்கள், அதுவும் தமிழ்ச் சொற்களை ஆங்கில எழுத்தில் தட்டி. அவர்களுக்கு நீங்கள் சொல்ல வேண்டிய செய்தி உங்களிடம் இருக்கிறது. கைப்பிடியை மட்டும் மாற்றினால் அது இடதுகைக் கத்தரிக்கோல் ஆகிவிடாது, அலகுகளே இடம் மாறி அமைந்திருக்க வேண்டும், அப்போதுதான் வெட்டும் கோடு குழந்தையின் கண்ணுக்குத் தெரியும் என்பதை ஒரு நிமிட வீடியோவில் காட்ட முடியும். சாதாரணக் கத்தரிக்கோலால் உங்கள் மகள் வெட்டுவதையும் இதனால் வெட்டுவதையும் அடுத்தடுத்துக் காட்டுங்கள். குழந்தையின் முகம் வேண்டாம், கை போதும்.

எனக்கு உள்ள கவலை வேறு. ஒரு குழந்தைக்குக் கத்தரிக்கோல் ஒரு முறை வாங்கினால் இரண்டு மூன்று வருடம் போதும். ஒவ்வொரு விற்பனைக்கும் புதிய ஆளைத் தேடிப் பிடிக்க வேண்டிய தொழில் அலுப்பைக் கொடுக்கும், விளம்பரச் செலவு லாபத்தைத் தின்றுவிடும். அதனால் கத்தரிக்கோலோடு நின்றுவிடாதீர்கள். பென்சில் சீவும் கருவி, மை சீக்கிரம் உலரும் பேனா, வலப்பக்கம் சுருள் வைத்த நோட்டு என்று ஒரு பெட்டியாகச் சேருங்கள். பேனாவும் நோட்டும் தீரும், திரும்ப வருவார்கள். ஆரம்பப் பள்ளிகளிடமும் கைத்திறன் பயிற்சி கொடுக்கும் சிகிச்சையாளர்களிடமும் நேரில் பேசுங்கள். ஒரு வகுப்பில் இரண்டு மூன்று குழந்தைகளாவது இருப்பார்கள். பள்ளி வாங்கினால் வருடாவருடம் வாங்கும். இப்போதைக்கு வேலையில் இருந்தபடியே, மாலையிலும் ஞாயிற்றுக்கிழமையிலும் இதைச் செய்யுங்கள்.

எங்கள் வீட்டில் பெண்கள் தலைமுறையாகப் பாய் நெய்கிறோம். வியாபாரிகள் வந்து எடுத்துப்போகும் விலை கூலிக்கே கட்டுப்படியாகவில்லை. நான் பி.காம். முடித்திருக்கிறேன். நேரடியாக இணையத்தில் விற்கலாம் என்றால், கடைகளில் பிளாஸ்டிக் பாய் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கிறது, யார் நம் பாயை வாங்குவார்கள் என்று அம்மா கேட்கிறார். என்ன செய்யலாம் அக்கா?
— வாசகி, பத்தமடை

உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். பத்தமடைப் பாய்க்குப் புவிசார் குறியீடு இருக்கிறது. தாமிரபரணிக் கரையின் கோரையை நார்நாராகக் கிழித்து நெய்யும் பட்டுப்பாயின் மென்மை தெரிந்தவர்கள் அதைப் பிளாஸ்டிக் பாயோடு ஒப்பிடவே மாட்டார்கள். அம்மாவிடம் சொல்லுங்கள்: படுக்கப் பாய் வேண்டும் என்பவர் நம் வாடிக்கையாளர் அல்லர். அவரோடு விலை பேசி நாம் ஜெயிக்க முடியாது.

நம் வாடிக்கையாளர் கல்யாண வீட்டுக்காரர். மணமக்கள் பெயரைப் பாயிலேயே நெய்து கொடுக்கும் வழக்கம் உங்கள் ஊரில் இருக்கிறது. இதைவிட நல்ல சிறு சந்தை எனக்குத் தெரியவில்லை. வாங்குகிறவர் விலையை முதலில் பார்ப்பதில்லை, வாழ்நாளில் ஒரு முறை வாங்குகிறார். பெயர் நெய்த பாயை இயந்திரப் பாய்க்காரர் மறுநாளே அடித்து விற்க முடியாது. அதிலும் முக்கியம், விற்ற பிறகு நெய்தால் போதும். சரக்கில் பணம் முடங்காது. பாதிப் பணம் முன்கூட்டி வாங்கிவிட்டே தறியில் உட்காருங்கள்.

விலையை வியாபாரி சொன்னதிலிருந்து தொடங்காதீர்கள். ஒரு பாய்க்கு எத்தனை நாள் ஆகிறது, ஒரு நாளுக்கு உங்கள் ஊரில் கூலி என்ன, கோரை, சாயம், நூல் என்ன விலை என்று கூட்டுங்கள். கோரையை ஊறவைத்து, கிழித்து, சாயம் ஏற்றும் நாட்களையும் கூலி நாட்களாகவே எண்ணுங்கள். பெண்கள் வீட்டுக்குள் செய்யும் வேலை என்பதால் அது இலவசம் ஆகிவிடாது. அந்தக் கூட்டுத்தொகைக்குக் கீழே ஒரு ரூபாய்கூட இறங்காதீர்கள்.

கூரியர் கணக்கை இப்போதே சொல்லிவிடுகிறேன், பலரை இது கவிழ்த்திருக்கிறது. பெரும்பாலான கூரியர் நிறுவனங்கள் எடையை மட்டும் பார்ப்பதில்லை. நீளம், அகலம், உயரம் மூன்றையும் சென்டிமீட்டரில் பெருக்கி 5000-ஆல் வகுப்பார்கள். அப்படி வரும் எண்ணும் உண்மையான எடையும் இரண்டில் எது அதிகமோ அதற்குக் கட்டணம். 120 சென்டிமீட்டர் நீளத்தில் சுருட்டி, 12 சென்டிமீட்டர் சதுரப் பெட்டியில் வைத்தால் கணக்கு ஏறக்குறைய மூன்றரைக் கிலோ வரும். தராசில் பாய் ஒரு கிலோவே இருந்தாலும் மூன்றரைக் கிலோவுக்குத்தான் பணம். மெல்லிய பட்டுப்பாயை மடித்து அனுப்ப முடியுமா, மடிப்புத் தடம் விழுமா என்பதை நெய்கிற உங்கள் அம்மாதான் எனக்குச் சொல்ல வேண்டும். எப்படி அனுப்பினாலும் கட்டணத்தை முதலில் தெரிந்துகொண்டு விலையில் சேருங்கள்.

யாரிடம் விற்பது? சீர்வரிசைத் தட்டு அலங்கரித்துக் கொடுப்பவர்கள் இப்போது எல்லா ஊர்களிலும் இருக்கிறார்கள். கல்யாணப் பத்திரிகை அச்சடிப்பவர்கள் இருக்கிறார்கள். மணமக்கள் பெயர் இவர்கள் கைக்குத்தான் முதலில் வருகிறது. மதுரையிலும் திருநெல்வேலியிலும் இப்படி ஐந்து பேரைப் பிடியுங்கள், கமிஷன் கொடுங்கள். உங்கள் இணையப் பக்கம் அவர்கள் வாடிக்கையாளரிடம் காட்டுவதற்கான இடமாக இருக்கட்டும். ஆடியில் கல்யாணம் இல்லை. ஆவணி முகூர்த்தத்துக்கு ஆடியிலும், தை முகூர்த்தத்துக்கு மார்கழியிலும் தறி ஓட வேண்டும் என்றால், பதிவு அதற்கும் முன்பே நடக்க வேண்டும். பெயரை எழுத்துக்கூட்டி வாடிக்கையாளர் கையால் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். நெய்த பிறகு ஓர் எழுத்தைத் திருத்த முடியாது.

நாகர்கோவில் வடசேரியில் பரத நாட்டிய நகை செய்கிறோம். அமெரிக்காவில் உள்ள நடனப் பள்ளிகளுக்கு விற்கலாமா? இப்போது வரிப் பிரச்சினை என்கிறார்களே?
— டி., நாகர்கோவில்

விற்கலாம். உங்கள் பொருள் கைக்குள் அடங்குவது, எடை குறைவு, விலை அதிகம். அஞ்சலில் அனுப்ப இதைவிடத் தோதான பொருள் குறைவு. வாங்குகிறவர் யார் என்பதும் தெளிவு: அரங்கேற்றம் நடத்தும் குடும்பம், ஆண்டுதோறும் புதிய மாணவிகளைச் சேர்க்கும் ஆசிரியை. ஆசிரியையைத்தான் பிடிக்க வேண்டும். அவர் ஒரு முறை நம்பிவிட்டால் மாணவிகள் எல்லோரும் அங்கிருந்தே வாங்குவார்கள்.

வரியைப் பற்றி: முன்பெல்லாம் அமெரிக்காவுக்குள் 800 டாலர் மதிப்பு வரையிலான பார்சல் வரியில்லாமல் போனது. 2025 ஆகஸ்ட் 29 முதல் அந்தச் சலுகையை எல்லா நாடுகளுக்கும் நிறுத்திவிட்டார்கள். நம் அஞ்சல் துறையும் சில வாரங்கள் அங்கே பெரும்பாலான பார்சல்களை ஏற்காமல் இருந்து, அக்டோபரில்தான் மீண்டும் தொடங்கியது. வரி விகிதம் மாறிக்கொண்டே இருப்பதால் அனுப்பும் வாரத்தில் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். வரியை யார் கட்டுவது என்பதை விலைப்பட்டியலிலேயே எழுதிவிடுங்கள். பார்சல் வாசலுக்கு வந்த பிறகு வாடிக்கையாளர் அதைக் கேள்விப்பட்டால் அதோடு உறவு முடிந்தது. ஒரே நாட்டை நம்பாமல் கனடா, இங்கிலாந்து, ஆஸ்திரேலியா, சிங்கப்பூர், மலேசியாவையும் சேர்த்துப் பாருங்கள். ஏற்றுமதி இறக்குமதிக் குறியீட்டு எண்ணை இணையத்தில் 500 ரூபாய் கட்டணத்தில் எடுக்கலாம். தலைமை அஞ்சலகத்தில் ‘டாக் கர் நிர்யாத் கேந்திரா’ என்ற ஏற்றுமதி மையம் எங்கே இருக்கிறது என்று கேளுங்கள், ஆவணங்களுக்கு உதவுவார்கள்.

நான் இன்னும் ஒரு படி சுருக்கச் சொல்வேன். முழு நகை செட் விற்பவர்கள் நிறைய இருக்கிறார்கள். ஏழு, எட்டு வயதுக் குழந்தைக்குப் பெரியவர்களின் நெற்றிச்சுட்டியும் ராக்கொடியும் பொருந்துவதில்லை, ஒட்டியாணம் நழுவுகிறது. குழந்தை அளவுகளை மட்டும் எடுத்து, தலைச் சுற்றளவு, இடுப்பு அளவு, நகை எடை எல்லாம் போட்டு விற்கும் கடையாக நீங்கள் ஆகலாம். குழந்தை வளரும், அடுத்த அளவுக்கு வருவாள். ஆடி ஆடிக் கெம்புக்கல் உதிரும். உதிர்ந்த கல்லைப் பதித்துக் கொடுக்கும் வேலையையும் சேர்த்தால், கவரிங் நகையை மொத்தமாக வாங்கி விற்பவரால் அதைச் செய்ய முடியாது. வெள்ளியில் தங்கத் தகடு வைத்த வேலை எது, கவரிங் எது என்பதை ஒவ்வொரு பொருளின் கீழும் தெளிவாக எழுதுங்கள். அமெரிக்காவில் அரங்கேற்றங்கள் பள்ளி விடுமுறையான ஜூன் முதல் ஆகஸ்ட் வரை அதிகம். ஆசிரியைகளுக்கு நீங்கள் பிப்ரவரியிலேயே எழுதியிருக்க வேண்டும்.

சர்க்கரை நோயைக் குணப்படுத்தும் மூலிகைப் பொடி எங்கள் குடும்பத்தில் இருக்கிறது. இதற்கு இணையத்தில் பெரிய தேவை இருப்பதால், முகநூல் விளம்பரம் கொடுத்து விற்கலாம் என்று இருக்கிறேன். ஆலோசனை தேவை.
— வாசகர், சேலம்

செய்யாதீர்கள். தேவை இருக்கிறது என்பது உண்மை. நோயாளியின் பயம்தான் அந்தத் தேவை. உங்கள் விளம்பரத்தை நம்பி ஒருவர் மாத்திரையை நிறுத்தினால் அவர் கண்ணோ, காலோ, சிறுநீரகமோ போகும். அந்த ஆள் எனக்கோ உங்களுக்கோ சொந்தக்காரராகவும் இருக்கலாம்.

சட்டமும் தெளிவாக இருக்கிறது. 1954-ஆம் ஆண்டின் மருந்துகள் மற்றும் மந்திரத் தீர்வுகள் சட்டம், குறிப்பிட்ட நோய்களைக் குணப்படுத்துவதாக விளம்பரம் செய்வதைத் தடை செய்கிறது. அந்தப் பட்டியலில் சர்க்கரை நோய் இருக்கிறது. முதல் முறையே ஆறு மாதம் வரை சிறைத் தண்டனை விதிக்கலாம். மருந்தாகச் செய்து விற்பதற்கு, சித்த, ஆயுர்வேத மருந்துகளுக்கான ஆயுஷ் உற்பத்தி உரிமம் வேறு வேண்டும்.

உணவுப் பொருள் விற்க விருப்பமென்றால் கம்பு, வரகு, சாமை மாவை உணவாக மட்டும் விற்கலாம். உணவுப் பாதுகாப்புத் துறைப் பதிவு எடுத்து, சத்து விவரத்தைச் சரியாக அச்சிட்டு விற்கலாம். அந்த உறையிலும் நோயின் பெயர் வரக் கூடாது.

ஆரம்பத்திலேயே ஜி.எஸ்.டி. எண் எடுக்க வேண்டுமா?
— எம்., தூத்துக்குடி

எங்கே விற்கிறீர்கள் என்பதைப் பொறுத்தது. பொருள் விற்பவருக்குத் தமிழ்நாட்டுக்குள் ஆண்டு விற்பனை 40 லட்சம் ரூபாயைத் தாண்டும்போதுதான் பொதுவாகக் கட்டாயம். பெரிய விற்பனைத் தளங்கள் வழியாக மாநிலத்துக்குள் மட்டும் விற்கும் சிறு வியாபாரிகளுக்கும் 2023 அக்டோபர் 1 முதல் இந்த விலக்கு உண்டு, அதற்கு ஜி.எஸ்.டி. எண் அல்லாத வேறொரு பதிவு எண் மட்டும் பெற வேண்டும். பெங்களூருக்கோ கொச்சிக்கோ அனுப்பப் போகிறீர்கள் என்றால் முதல் பார்சலுக்கு முன்பே ஜி.எஸ்.டி. எண் எடுத்துவிடுங்கள். கைவினைப் பொருட்களுக்குத் தனிச் சலுகை இருக்கிறது. உங்கள் பொருள் அதில் வருமா என்று ஒரு ஆடிட்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

ஒருவர் மட்டும் குடிக்கும் அளவுக்குச் சிறிய பித்தளைக் காபி ஃபில்டரும் டபராவும் விற்கிறேன். தனியாக வசிப்பவர்கள் விரும்பி வாங்கினார்கள். இப்போது வேறொருவர் அதே அளவில், நான் எடுத்த படங்களையே போட்டு, 150 ரூபாய் குறைத்து விற்கிறார். நானும் விலையைக் குறைக்கவா?
— ஜே.பி., கும்பகோணம்

விலையில் கை வைக்காதீர்கள். படங்களைத் திருடியதற்கு அந்த விற்பனைத் தளத்தில் உடனே புகார் கொடுங்கள். மூலப் படங்கள் உங்கள் போனில் தேதியோடு இருக்கும், அவற்றை இணையுங்கள்.

தனியாக வசிப்பவருக்குச் சிறிய ஃபில்டர் என்று கண்டுபிடித்தது நல்ல கண். ஆனால் அளவை யாரும் பார்த்துச் செய்துவிடலாம். அடுத்தவர் நகல் எடுக்க முடியாத பகுதியை நீங்கள் இன்னும் விற்பனைக்கு வைக்கவில்லை என்று நினைக்கிறேன். என் கடையில் கப்ளரை வாங்கும் பலருக்கு அதைக் கழற்றத் தெரியாது. பல மாடல்களில் மோட்டார் மேல் இருக்கும் கப்ளருக்கு மரை எதிர்த்திசையில் இருக்கும், கடிகாரம் சுற்றும் பக்கமாகத் திருப்பினால்தான் கழலும். வழக்கம்போல் இடப்பக்கம் திருப்பி, இறுக்கி, உடைத்துவிடுவார்கள். இதைக் காட்டும் சிறு வீடியோவை ஒவ்வொரு பார்சலோடும் அனுப்புகிறோம். அதே கப்ளரைக் குறைந்த விலைக்கு விற்பவர்கள் இருக்கிறார்கள், மெக்கானிக்குகள் எங்களிடம்தான் வருகிறார்கள். ஏனென்றால் மாட்டும்போது சந்தேகம் வந்தால் போனில் கேட்க ஆள் இருக்கிறது.

உங்கள் ஃபில்டர் வாங்கியவருக்கு ஒரு மாதம் கழித்து என்ன நடக்கிறது? ஓட்டை அடைத்துக்கொண்டு டிகாக்ஷன் இறங்காமல் நிற்கும். தூள் நைசாக இருந்தால் வண்டலாக இறங்கும். எத்தனை கரண்டித் தூளுக்கு எத்தனை மில்லி வெந்நீர், எவ்வளவு நேரம் காத்திருக்க வேண்டும் என்பது முதன்முறை ஃபில்டர் வாங்கும் இளைஞருக்குத் தெரியாது. இவற்றை ஒரு அட்டையில் அச்சிட்டுப் பெட்டிக்குள் வையுங்கள். உங்கள் ஃபில்டருக்குப் பொருந்தும் அளவில் அரைத்த தூளைச் சிறு பொட்டலமாகச் சேருங்கள், காபித் தூள் தீர்ந்ததும் அவர் உங்களைத்தான் தேடுவார். தூள் உணவுப் பொருள் என்பதால் உணவுப் பாதுகாப்புப் பதிவு வேண்டும். உட்புறம் ஈயம் (வெள்ளீயம்) பூசிய பாத்திரமாக இருந்தால் சில வருடங்களில் பூச்சு தேயும். சென்னையிலும் பெங்களூரிலும் தனியாக இருப்பவர் ஈயம் பூசுகிறவரை எங்கே தேடுவார்? உங்கள் ஊரில் அந்த வேலை தெரிந்தவர்கள் இன்னும் இருக்கிறார்கள். பழைய பாத்திரத்தை அனுப்பினால் பூசித் திருப்பி அனுப்புகிறோம் என்று போடுங்கள். நீங்கள் விற்ற பாத்திரத்தோடு நிற்க வேண்டாம், பாட்டி கொடுத்த டபராவையும் பூசுவதற்கு அனுப்பச் சொல்லுங்கள்.

அஞ்சல் செலவு இருவழிக்கும் எவ்வளவு, ஈயம் பூசுகிறவர் ஒரு பாத்திரத்துக்கு என்ன கேட்கிறார் என்று விசாரித்து எழுதுங்கள். விலையை எப்படி வைக்கலாம் என்று அடுத்த இதழில் சேர்ந்து கணக்குப் போடுவோம்.